புழுக்கைக்கு அனுமதி உண்டு, ஆட்டுக்கு இல்லை

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கோயமுத்தூர் பஸ் கேரள எல்லையைத் தாண்டுவதற்கு ஒரு கொட்டாவி தூரம் முன்னால், கோணக்காட்டுப்பதி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் ரத்தினசாமி தன் கரிசல் காட்டில் ஆட்டுப்பட்டி போடலாம் என்று ஒரு நாள் நினைத்தார். நினைத்ததோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. போய் அனுமதி கேட்டுவிட்டார்.

பட்டி போடுவது அந்தப் பக்கத்தில் மூச்சு விடுவதைப் போன்ற காரியம். கோடை கடைசியில் தாராபுரம் பக்கத்திலிருந்து செம்மறிக்காரர்கள் மந்தையோடு வருவார்கள். சாயங்காலம் ஆடுகளைக் காட்டுக்குள் வலை கட்டி அடைத்துவிட்டால், விடிவதற்குள் அவை செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருக்கும். நாலு நாள் அடைத்து, உழுது விட்டு, மழையை வாங்கினால் போதும். பிறகு அந்தக் காட்டில் மண்வெட்டிக் காம்பை ஊன்றி வைத்தாலும் துளிர் விடும்.

ஆனால் ரத்தினசாமி இப்போது வெறும் ரத்தினசாமி இல்லை. மண் பரிசுத்த சமிதியின் உறுப்பினர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் துணிப்பையும் உண்ணியப்பமும் கொடுத்தார்கள். பையை வாங்கக் கையை நீட்டினார். நீட்டிய கையிலேயே கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

சமிதி அரசாங்கம் இல்லை, தனியாரும் இல்லை. இரண்டிலும் உள்ள தாமதத்தை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த மூன்றாவது பிறவி. உறுப்பினராகி மூன்று வருஷம் ஒழுங்காக இருந்தால் ஒரு முத்திரை தருவார்கள். அந்த முத்திரையைப் பார்த்தால்தான் கோயமுத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட கடை வைத்திருக்கிறவர்கள் தக்காளியைக் கையால் தொடுவார்கள். சமிதியின் முதல் விதி இது: உறுப்பினரின் நிலத்தில் சமிதிக்குத் தெரியாமல் எதுவும் விழக்கூடாது. மழைக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் மறு உத்தரவு வரும் வரைக்கும்தான்.

முதல் வருஷம் சமிதி அவரைக் கும்மாயம் போடச் சொன்னது. கும்மாயம் என்றால் சுண்ணாம்பு. சமிதியின் முக்கியப் பரிசோதகர் சுவக்கீன் சார் வண்டிப்பெரியார் பக்கம் தேயிலை மலையில் பல காலம் வேலை பார்த்தவர். அங்கே மண்ணில் புளிப்பு அதிகம் என்பதால் சுண்ணாம்பு போட்டால்தான் சரிப்படும். அந்தக் கைப்பழக்கம் அவரை விடவில்லை. எந்த மண்ணைக் கண்டாலும் கும்மாயம் என்று எழுதிவிடுவார். ரத்தினசாமியின் கரிசல் காட்டிலோ மண்வெட்டியைப் போட்டாலே சுண்ணாம்புக் கல் பல்லைக் காட்டும். அதன் மேல் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கொட்டினார். வழியில் போனவர்கள் எல்லாம், "ஏனுங்க, காட்டுக்கு வெள்ளை அடிக்கறீங்களா? கிரகப்பிரவேசம் எப்பங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் வருஷம் சமிதியே 'மிருத்சஞ்சீவனி' என்று ஒரு சாக்கு கொடுத்தது. பிரித்துப் பார்த்தால் பாதி தேங்காய் நார்த்தூள், மீதி அதைப் புகழும் துண்டறிக்கை. அந்த வருஷம் காய்த்த தக்காளியைப் பார்த்துவிட்டு அவர் மனைவி மயிலாத்தாள் சுண்டைக்காய் என்று நினைத்து வற்றல் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"இந்தாங்க, இந்த வருசமும் காடு இப்படியே பல்லை இளிச்சுதுன்னா, பேசாம எந்தம்பிகிட்ட வுட்டுருங்க. அவன் கோழிப்பண்ணை போடறதுக்கு எடம் தேடீட்டு இருக்கறான்."

மயிலாத்தாளின் தம்பி சிவப்பிரகாஷ் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டேப்போடு வந்து காட்டை அளந்து பார்த்துவிட்டும் போனான். போகிற போக்கில், "மாமா, கோழிக்குத் தீவனம் வெக்கற வேலைக்கு நீங்களே இருந்துக்கலாம்" என்று தாராள மனசோடு சொன்னான். தன் காட்டில் தன் மச்சான் கோழிகளுக்குத் தான் சேவகம் செய்வதை ரத்தினசாமி கனவில் கண்டார். கனவில் கோழிகள் அவரை, "ஏப்பா" என்று கூப்பிட்டன.

அந்தச் சமயம் பார்த்துத்தான் செம்மறிக்காரன் ராக்கப்பன் மந்தையோடு வந்து சேர்ந்தான்.

"காட்டை ஒதுக்கி வையுங்கண்ணா, நாளைக்கே அடைச்சர்லாம். மழை இறங்கறதுக்குள்ள நான் கெளம்போணும். எருத்தேன்பதிக்காரரு வேற போன் மேல போன் போடறாரு."

"ஒரே ஒரு வார்த்தை சமிதியில சொல்லிப்போட்டு வந்தர்றேன் ராக்கப்பா" என்றார் ரத்தினசாமி. இப்படித்தான் ஆரம்பமானது.

சமிதி அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் நிமி இருந்தாள். இளம் பரிசோதகர், திருச்சூர்ப் பக்கத்துப் பெண். விதிப்புத்தகத்தைத் தலைகீழாகக் கேட்டாலும் ஒப்பிப்பாள், ஆனால் ஆட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்க மேடம், காட்டுல ஆடு அடைக்கலாம்னு இருக்கறனுங்க."

"ஆடு ஏது இனத்தில் வரும்?"

"செம்மறிங்க."

"அதல்ல சேட்டா. திடமா? திரவமா? பொடியா?"

ரத்தினசாமி ஆட்டை மனசுக்குள் நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"அல்லாமே வுடுமுங்க" என்றார்.

நிமி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைச் சுவக்கீன் சாரிடம் அனுப்பினாள்.

சுவக்கீன் சார் நல்ல மனுஷர். யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார், ஒரு விதியையாவது கொடுத்து அனுப்புவார். நாற்காலியைக் காட்டி, தேநீர் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அன்பாகச் சொன்னார்.

"ஆட்டுப் புழுக்கைக்கு அனுமதி உண்டு. சாக்கில் வரணும், சாக்கில் முத்திரை இருக்கணும். ஆட்டுக்கு அனுமதி இல்லை. மனசிலாச்சா?"

"சார், சாக்குல வர்ற புழுக்கையும் ஆட்டுலிருந்துதானுங்களே வருது?"

"அது சமிதிக்குத் தெரியாது. எங்க பட்டியல்படி புழுக்கை சாக்கிலிருந்து வருது."

"அப்ப ஆடு என்னங்க சார்?"

சுவக்கீன் சார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தாடையைச் சொறிந்தார். பிறகு புது நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவரைப் போல நிமிர்ந்தார்.

"ஒரு பக்கம் கச்சாப்பொருள் உள்ளே போகுது, மறுபக்கம் சரக்கு வெளியே வருது. அப்படீன்னா ஆடு ஒரு தொழிற்சாலை. அதுவும் பேர்ப்பலகை இல்லாத தொழிற்சாலை. ரத்தினசாமி, நீங்க ஊருக்குள்ள ஒரு மந்தை கள்ளத் தொழிற்சாலையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க!"

ரத்தினசாமி பயந்துபோய், தேநீரைக் குடிக்காமலேயே கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஒவ்வொரு ஆட்டின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. தொழிற்சாலை என்றால் சாலையிலிருந்து படிக்கும்படி பெயர்ப்பலகை வேண்டும் என்பது விதி. மயிலாத்தாள் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் கரியால் 'தொழிற்சாலை' என்று எழுதிக் கட்டியிருந்தாள். மந்தை சாலையோரத்தில் மேய்ந்தபோது, தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஏதோ கட்சி மாநாட்டுக்குப் போகிற ஊர்வலம் மாதிரி இருந்தது. இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திக் கோரிக்கை என்ன என்று விசாரித்தார்கள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. சுவக்கீன் சார் தலையில் பாதுகாப்புத் தொப்பி இருந்தது. தொழிற்சாலைக்குள் நுழைகிறவர் அணிய வேண்டுமாம்.

"கச்சாப்பொருள் என்ன?" என்று நிமி கேட்டாள்.

"கண்டதையும் திங்குமுங்க" என்றான் ராக்கப்பன்.

"கண்டது" என்று எழுதிக்கொண்டாள் நிமி. "கண்டதற்கு ஆதாரம் உண்டா?"

"வார விடுமுறை?" என்று அவளே அடுத்ததையும் கேட்டாள்.

"அதுகளுக்கு ஏதுங்க லீவு? ஞாயித்துக்கிழமையும் போடுமுங்க."

சுவக்கீன் சார் கவலையோடு தலையை ஆட்டினார். தொழிலாளர் நலன் பாதிக்கப்படுகிறது என்று எழுதச் சொன்னார். அடுத்து, "அவசரகால வெளியேறும் வழி எங்கே?" என்று கேட்டார். ராக்கப்பன் பக்கத்தில் நின்ற ஆட்டைத் திருப்பி நிறுத்திக் காட்டினான்.

அந்த ஆடும் உடனே செயல்முறை விளக்கம் தந்தது. புழுக்கையும் போட்டது, மூத்திரமும் பெய்தது, இரண்டும் ஒரே சமயத்தில்.

நிமி ஓரடி பின்வாங்கினாள். "சார், இது திட உபசமிதிக்கா, திரவ உபசமிதிக்கா?"

சுவக்கீன் சாரின் முகம் வெளுத்தது. சமிதியில் திடப்பொருளுக்கு ஓர் உபசமிதி, திரவத்துக்கு இன்னோர் உபசமிதி. ஒரு வருஷாந்திர விருந்தில் பாயசம் திடமா திரவமா என்று தகராறு வந்ததிலிருந்து இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"பார்த்தீங்களா ரத்தினசாமி? ஒரு சாதாரண ஆடு. ரெண்டு உபசமிதிகளோட அதிகாரத்தையும் ஒரே நிமிஷத்தில் மீறிருச்சு. இதை இப்படியே விட்டா நாளைக்கு மாடு என்ன செய்யாது?" என்று சுவக்கீன் சார் வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

வானத்தில் கருமேகம் கூடிக்கொண்டிருந்தது. ரத்தினசாமியும் வானத்தைத்தான் பார்த்தார்.

கடைசியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. உபசமிதிகள் சமாதானமாகிக் கூடுகிற வரைக்கும் ஆடுகள் சமிதி வளாகத்தில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ராக்கப்பன் மறுப்பான் என்று ரத்தினசாமி எதிர்பார்த்தார். அவனோ வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குஷியாகிவிட்டான்.

"சுத்தியும் காம்பவுண்டுச் சொவுரு, நாய் வராது. கொழாயில தண்ணி. இப்படி ஒரு எடம் அமையோணுமே! நீங்க கவலைப்படாதீங்கண்ணா, நான் இங்கியே இருந்துக்கறேன்."

அந்த வளாகத்தின் நடுவில் சமிதியின் மாதிரித் தோட்டம் இருந்தது. சமிதி தொடங்கிய நாளிலிருந்து அதில் ஒரு புல் முளைத்ததில்லை, ஏனென்றால் அதில் போடத் தகுந்த தூய்மையான எரு எதுவும் சமிதிக்கு இதுவரை கிடைக்கவில்லை. அங்கே வளர்ந்தது 'மாதிரித் தோட்டம்' என்ற பலகை மட்டும்தான். அது வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது.

அந்தத் தரிசு மண்ணில் ஆடுகள் இரவும் பகலும் படுத்தன, எழுந்தன, உதிர்த்தன, மிதித்தன. மரத்திலிருந்து விழுந்த சருகுகளையும் சேர்த்து மிதித்துக் குழைத்தன. ரத்தினசாமி தினமும் வந்து சுவருக்கு வெளியே கல்லின் மேல் ஏறி நின்று பார்த்தார். தன் காட்டில் விழ வேண்டிய ஒவ்வொன்றும் அங்கே விழுவதைக் கண்டு அவர் வயிறு எரிந்தது.

"ஊட்டுக்கு வாங்க" என்று மயிலாத்தாள் கூப்பிட வந்தாள். "நம்ம ஊட்டு விசேசத்துக்கு ஆக்குன சோத்தை அடுத்த பந்தியில போடறதை எட்டிப் பாத்துட்டு நிக்கற மாதிரி நிக்கறீங்க. பாக்கறவங்க சிரிக்கறாங்க."

"எல்லாம் போச்சு மயிலு. உந்தம்பிக்குப் போன் பண்ணிரு."

"அவன் நேத்தே சிமெண்டு எறக்கீட்டான்" என்றாள் மயிலாத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் சமிதியின் மேலிடத்திலிருந்து தணிக்கை அதிகாரி ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கினார். வாசலிலேயே நின்றார். மாதிரித் தோட்டத்தைப் பார்த்தார். மூக்கைத் தூக்கி முகர்ந்தார்.

"இவ்விடத்தில் எரு போட அனுமதி ஆரு கொடுத்தது?"

அவ்வளவுதான் கேட்டார். தேநீர்கூடக் குடிக்காமல், சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அலுவலகமே ஆடிப்போனது. எல்லோர் நிலத்துக்கும் அனுமதி கொடுக்கிற சமிதியின் சொந்த நிலத்துக்கு யாரும் அனுமதி வாங்கவில்லை!

சுவக்கீன் சார் பதறாமல் விதிப்படி நடந்தார். மேசைக்கு இந்தப் பக்கம், பொதுமக்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, சமிதி வளாகத்தில் ஆட்டெரு இட அனுமதிக்குமாறு பணிவோடு ஒரு விண்ணப்பம் எழுதினார். எழுந்து மேசையைச் சுற்றிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். புருவத்தைச் சுருக்கினார். 'போதிய காரணம் காட்டப்படவில்லை, நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி இந்தப் பக்கம் வந்து அதைப் படித்ததும் அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"கண்டோ நிமி! எவ்வளவு பாடுபட்டு எழுதினேன். முழுசாப் படிச்சுக்கூடப் பார்க்கலை. இப்படிக் கறாரா இருந்தா ஒரு விவசாயி எப்படிப் பிழைப்பான்?"

"அப்பீல் கொடுக்கலாம் சார்."

"யாரிடம்?"

"சாரிடம்தான்."

அவர் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். கோபம் தணிந்தது. "விதி விதிதான்" என்றார் அமைதியாக.

பிறகு சுவர் மேலே தெரிந்த ரத்தினசாமியின் தலை அவர் கண்ணில் பட்டது. உள்ளே கூட்டி வரச் சொன்னார். மயிலாத்தாளும் கூடவே வந்தாள். ஊழியர்கள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சுவக்கீன் சார் தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தூய்மையான மண்ணில், ஒரு புல்லுக்குக்கூட இடம் கொடுக்காம நாங்க காப்பாத்தி வெச்சிருந்த மண்ணில், நீங்க மாசு கலந்துட்டீங்க ரத்தினசாமி. சமிதி உங்களைத் தண்டிக்குது. மேல் மண் முழுக்க ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி எடுக்கப்படும். மாசு எவரால் வந்ததோ அவர் நிலத்திலேயே கொண்டுபோய்த் தள்ளப்படும்."

ரத்தினசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "எங் காட்டுலயா சார்? அதுக்கு அனுமதி வாங்க..."

மயிலாத்தாள் அவர் காலை மிதித்தாள். கிராமத்துக் கால், பலமாக விழுந்தது.

"அனுமதி இடுபொருளுக்குத்தான்" என்றார் சுவக்கீன் சார். "தண்டனைக்கு எதுக்கு அனுமதி? கேளுங்க, இன்னும் இருக்கு. ஒரே இடத்தில் குவிச்சா மாசு அடர்த்தியாகும். அதனால காடு முழுக்கச் சமமாப் பரத்தணும். வெளியே தெரிஞ்சா ஆபத்து. அதனால உடனே உழுது மூடணும். மழையில் கரைஞ்சு ஓடக்கூடாது. அதனால மழைக்கு முன்னாலே எல்லாம் முடியணும். சமிதி லாரியும் டிராக்டரும் வரும். தண்டனையை ஒழுங்கா அனுபவிச்சா உங்க முத்திரைக்கு ஒரு குறையும் வராது."

இப்போது ரத்தினசாமிக்கு மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. உதட்டின் ஒரு மூலை தானாக மேலே போனது.

சுவக்கீன் சார் உற்றுப் பார்த்தார். "என்ன, முகத்தில் சந்தோஷம் காணுது?"

மயிலாத்தாள் புருஷனின் முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். ரத்தினசாமியின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"மாப்பு குடுங்க சார்!" என்று மயிலாத்தாள் குரலெடுத்தாள். "அத்தனையும் எங்க காட்டுல கொட்டுனா நாங்க எப்படிங்க தாங்குவோம்? ஒரு கூடை, ரெண்டு கூடையோட நிறுத்திக்கப் படாதுங்களா?"

"ஒரு கூடைகூடக் குறையாது!" என்று கர்ஜித்தார் சுவக்கீன் சார்.

அன்று சாயங்காலம் கோணக்காட்டுப்பதி இதுவரை காணாத காட்சியைக் கண்டது. கையுறையும் முகக்கவசமும் மாட்டிய சமிதி ஊழியர்கள் லாரியிலிருந்து எருவை இறக்கி, வரப்பு ஓரம்கூட விடாமல் பரப்பினார்கள். எங்காவது சற்று மேடாக இருந்தால் நிமி ஓடிவந்து சமப்படுத்தச் சொன்னாள். ரத்தினசாமி வேலியோரம் கட்டிலில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தார். விசும்பல் நிற்கும் போதெல்லாம் மயிலாத்தாள் பக்கத்தில் போனாள். டிராக்டர் கடைசிச் சால் ஓட்டித் திரும்பியபோது முதல் துளி விழுந்தது. ராக்கப்பனின் தொழிற்சாலைகள் மூடப்பட்டதாக அறிவிக்கப்பட்டன. அவை தம் பெயர்ப்பலகைகளைத் தின்றபடியே எருத்தேன்பதிக்கு நடந்தன.

அந்த வருஷம் காய்த்த தக்காளியைப் பற்றி என்ன சொல்ல! ஒன்றை அரிந்து ரசம் வைத்தால் மீதியை மூடிவைக்கத் தாம்பாளம் தேட வேண்டியிருந்தது. செடிகளுக்குக் குச்சி கட்டினார்கள், தாங்கவில்லை. மூங்கில் கட்டினார்கள், வளைந்தது. கடைசியில் சிவப்பிரகாஷ் கோழிக்கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த இரும்புக் கம்பிகளை வாங்கி நட்டார்கள். "கோழிக்கு வேற எடம் பாத்துக்கடா" என்று மயிலாத்தாள் தம்பியிடம் சொல்லிவிட்டாள். முத்திரையும் வந்தது, கண்ணாடிக் கடைக்காரர்களும் வந்தார்கள்.

சமிதியின் ஆண்டுக் கூட்டத்தில் சுவக்கீன் சார் ஒரு தக்காளியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிப் பேசினார்.

"கும்மாயம் கொடுத்தோம், கேட்கலை. மிருத்சஞ்சீவனி கொடுத்தோம், கேட்கலை. தண்டிச்சோம், உடனே திருந்திருச்சு! நான் பல வருஷமாச் சொல்றேன், மண்ணுக்கு வேண்டியது சத்து இல்லை, கண்டிப்பு."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. அந்தப் பேச்சைச் சமிதியின் பத்திரிகையில் படித்த விவசாயிகள் மறு கோடையில் என்ன செய்தார்கள் தெரியுமா? விடிகாலையிலேயே கோணக்காட்டுப்பதி, சுற்றுவட்டாரம் எல்லாம் சமிதி வாசலில் கூடிவிட்டது. ராக்கப்பனைப் போல இன்னும் பல செம்மறிக்காரர்கள் மந்தைகளோடு கேட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள். சாலை முழுக்க ஒரே கம்பளி மயம். திருச்சூர் பஸ் பின்வாங்கிப் போனது.

வரிசையில் முதல் ஆளாக நின்ற பெரியவர் கும்பிட்டுச் சொன்னார்.

"சார், நாங்களும் உங்க தோட்டத்துல மாசு கலந்து போடறமுங்க. எங்களுக்கும் அதே தண்டனையைக் குடுத்துருங்க. ரத்தினசாமிக்குக் குடுத்ததைவிடக் கொஞ்சம் கடுமையாக் குடுத்தாலும் சரிங்க."

சுவக்கீன் சார் வரிசையின் நீளத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அன்பாகக் கேட்டார்.

"தண்டனையெல்லாம் தரலாம். குற்றம் செய்யறதுக்கு அனுமதி வாங்கியாச்சா?"